டிக்கியில் ஒளிந்திருக்கும் நைட்ரஸ்: யாரிடமிருந்து மறைக்கிறோம்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். கேட்டவர்கள் கவனிக்க: நடுவில் வந்த லாரி ஹாரன் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.)

போன எபிசோடில் டர்போ பற்றிப் பேசினோம் இல்லையா, அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களில் ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. அனுப்பியவருக்கு 22 வயது, வீடு தரமணி. அப்படியே படிக்கிறேன்: "ப்ரோ, நைட்ரஸ் பாட்டில் வாங்கிட்டேன். டிக்கியைத் திறந்து பார்த்தாலும் தெரியாத மாதிரி எங்க வைக்கிறதுன்னு ஒரு எபிசோட் போடுங்க. ஓஎம்ஆர்ல ஒரு மேட்டர் இருக்கு."

"மேட்டர்" என்றால் என்ன என்று தரமணியில் நைட் ஷிஃப்ட் பார்த்த யாருக்கும் தெரியும். ஒன்றரை மணிக்கு டெப்ளாய்மென்ட் முடித்துவிட்டு எஸ்ஆர்பி டூல்ஸ் சிக்னல் பக்கம் டீ குடிக்க வந்தால், ரெண்டு கார் சிக்னலில் நின்று உறுமிக்கொண்டிருக்கும். பச்சை விழுந்ததும் பறக்கும். டீக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

எங்கே ஒளிப்பது என்று நான் சொல்லப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்வியைத் தள்ளிவிடவும் மனசு வரவில்லை. ஒளித்து வைக்கும்போது அந்த சிஸ்டத்துக்கு என்ன ஆகிறது என்பது ஒரு நல்ல இன்ஜினியரிங் கேள்வி. அதைப் பார்ப்போம்.

முதலில் நைட்ரஸ் என்ன செய்கிறது? 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' பார்த்து வளர்ந்த நமக்கு அது ஏதோ ராக்கெட் எரிபொருள் என்று நினைப்பு. நைட்ரஸ் எரிபொருளே இல்லை. தனியாக அது எரியாது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்தோடு கொடுக்கிறார்களே, பல் டாக்டர்கள் பயன்படுத்திய சிரிப்பூட்டும் வாயு, அதே நைட்ரஸ் ஆக்சைடுதான். ரெண்டு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு.

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். கூடுதல் பவர் வேண்டுமென்றால் கூடுதல் பெட்ரோல் எரிய வேண்டும், அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம்தான் ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். சுமார் 300 டிகிரியைத் தாண்டும்போது மூலக்கூறு உடைந்து ஆக்சிஜன் வெளியே வரும். இன்ஜின் சிலிண்டருக்குள் அந்தச் சூடு தாராளமாகவே உண்டு. இன்னொரு போனஸ்: பாட்டிலில் திரவமாக இருப்பது இன்டேக்கில் பீய்ச்சும்போது ஆவியாகி, உள்ளே போகும் காற்றையே குளிர வைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதிலும் கொஞ்சம் பவர் கூடும்.

கூடவே கூடுதல் பெட்ரோலும் சரியான அளவில் போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஆக்சிஜன் அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு எகிறி, நேரம் தவறி வெடித்து, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சுமார் 80 குதிரைசக்தி கொண்ட 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்கில் '50 ஷாட்' போடுவது என்றால், கம்பெனி கணக்குப் போட்டுச் செய்த பிஸ்டன் மேல் 60 சதவீதம் கூடுதல் சுமையை ஏற்றுவது. அதனால்தான் முறையாகப் பொருத்துகிறவர்கள் நைட்ரஸைவிட அதைக் கண்காணிக்கும் சாமான்களுக்கு அதிகம் செலவு செய்வார்கள். பெட்ரோல் பிரஷர் குறைந்தால் நைட்ரஸை வெட்டிவிடும் சுவிட்ச், குறைந்த ஆர்பிஎம்மில் திறக்க விடாத சுவிட்ச், எரிதல் விகிதம் காட்டும் மீட்டர், பாட்டில் பிரஷர் கேஜ், சிவப்பு மூடி போட்ட ஆர்மிங் சுவிட்ச்.

இப்போது இந்தப் பட்டியலை ஒளிக்க நினைக்கிறவன் கண்ணால் பாருங்கள். டாஷ்போர்டில் கேஜ் இருந்தால் மாட்டிக்கொள்வான், கழற்றுகிறான். சிவப்பு சுவிட்ச் இருந்தால் போலீஸ் கேட்பார், கழற்றுகிறான். எல்லாம் போன பிறகு மிச்சம் இருப்பது பாட்டில், குழாய், ஒரு பட்டன். கோட் எழுதுகிறவர்களுக்குச் சொன்னால் புரியும்: லாக் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ப்ரொடக்ஷனுக்கு அனுப்புவது மாதிரி. ஓடும். எப்போது, ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது.

ஒளிப்பது என்பது ரேஸிங்கில் பழைய கலைதான், அதை மறுக்க மாட்டேன். 1976 டேடோனா 500 தகுதிச்சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட் மணிக்கு 187 மைல் வேகத்தில் முதலிடம் பிடித்தார். அதிகாரிகளுக்குச் சந்தேகம். காரைக் குடைந்தார்கள். ஃபாய்ட் காரிலும் டாரல் வால்ட்ரிப் காரிலும் நைட்ரஸ் ஏற்பாடு கண்டுபிடிக்கப்பட்டு ரெண்டு பேரின் நேரமும் ரத்து. கடைசியில் ராமோ ஸ்டாட் என்பவருக்கு 183 மைல் வேகத்தில் முதலிடம் போனது. காரைக் குடைய வைத்தது அந்த வேகம்தான். பாட்டிலை எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாம், நாலு மைல் வித்தியாசத்தை எங்கே ஒளிப்பது?

அதே நாஸ்கார் உலகத்தில் ஸ்மோக்கி யூனிக் என்று ஒரு மெக்கானிக். பெட்ரோல் டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று விதி இருந்தது, குழாய் பற்றி ஒன்றும் இல்லை. அவர் 2 இன்ச் விட்டத்தில் 11 அடிக்குக் குழாய் போட்டார் என்பது பிரபலமான கதை. அதில் 5 கேலன் பிடித்தது என்பார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 7 லிட்டர்கூட வரவில்லை. 5 கேலன் என்றால் 19 லிட்டர். கதை வளர்ந்திருக்கிறது. சரி, நம் விஷயத்துக்கு வருவோம்.

எனக்கு மிகவும் பிடித்த ஒளிப்பு 1995 கேட்டலோனியா ராலியில் டொயோட்டா செய்தது. டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்த ஒரு வளையம் போட வேண்டும் என்று விதி. டொயோட்டாவின் வளையம் காரில் மாட்டியிருக்கும்போது சில மில்லிமீட்டர் நகர்ந்து ஓரமாகக் காற்றுக்கு வழி விடும். பரிசோதிக்கக் கழற்றினால், கழற்றும்போதே பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். கண்டுபிடித்த பிறகு உலக ராலியில் 12 மாதம் தடை. அன்றைய எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லியே அதன் புத்திசாலித்தனத்தை வியந்தார்.

இதையெல்லாம் ரசிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டேடோனாவிலும் கேட்டலோனியாவிலும் ஒளித்தது விதி பார்க்கும் அதிகாரியிடமிருந்து. காரைத் தயார் செய்தவர்களுக்குத் தெரியும். ஓஎம்ஆரில் யாரிடமிருந்து?

இந்தக் கேள்வியை அந்தத் தம்பியிடமே கேட்டேன். ரெண்டு நாள் மெசேஜில் பேசினோம். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"போலீஸ்கிட்ட இருந்துதான் ப்ரோ. அப்புறம் எதிர்ல ஓட்டுறவன்கிட்ட."

"கார் யாருது?"

"அப்பாவோடது."

"பகல்ல யார் ஓட்டுறாங்க?"

"அப்பாதான். அம்மாவைக் கிண்டில ஆபீஸ்ல விட்டுட்டு, தரமணி ஸ்டேஷன் பக்கம் காரைப் போட்டுட்டு ட்ரெயின்ல போவார்."

"நிழல்லயா?"

"இல்ல, வெயில்லதான்."

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. ஏன் என்று சொல்கிறேன். இயற்பியலில் ஒரு எண் இருக்கிறது: 36.4 டிகிரி செல்சியஸ். நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை அது. அதற்குக் கீழே பாட்டிலுக்குள் அடியில் திரவம், மேலே ஆவி. 20 டிகிரியில் உள்ளே சுமார் 50 பார் அழுத்தம். 30 டிகிரியில் 63. 36.4-ல் 72. நம் கார் டயரில் இருப்பது ரெண்டு பார் சொச்சம், வீட்டு சமையல் சிலிண்டரில் சாதாரணமாகப் பத்துக்குள். 36.4-ஐத் தாண்டினால் திரவம், ஆவி என்ற வித்தியாசமே போய்விடும். அதற்கப்புறம் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது பாட்டிலில் எத்தனை கிலோ அடைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சென்னையில் மே மாதம் வெளியிலேயே 40 தொடும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் காருக்குள் 55, 60 சர்வ சாதாரணம். நைட்ரஸ் கலாசாரம் வளர்ந்தது குளிர்காலம் உள்ள ஊர்களில். அங்கே பாட்டிலைச் சூடாக்க ஹீட்டர் விற்கிறார்கள். நமக்குத் தரமணி ஸ்டேஷன் பார்க்கிங் போதும்.

அடுத்த கேள்வி கேட்டேன். "யார் நிரப்பினது?" தெரிந்த அண்ணன் ஒருவர். "எடை போட்டாரா?" இல்லை, கேஜ் பார்த்து நிரப்பினாராம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர் தூக்கிப் பார்த்து "இன்னும் இருக்கு" என்று சொல்லும் நம் அம்மாக்களுக்கு இது தெரியும். திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. பாட்டில் கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் கேஜ் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால் கேஜைப் பார்த்து நைட்ரஸ் நிரப்பவே முடியாது, எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். அமெரிக்க விதிப்படி 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டிலில் 6.8 கிலோ, அதற்கு மேல் கூடாது. மீதி இடம் விரிவதற்கு. அந்த இடத்தையும் நிரப்பிவிட்டால், சூடு ஏற ஏறத் திரவம் விரிந்து தள்ள இடமில்லாமல் அழுத்தம் செங்குத்தாக ஏறும். சரியாக நிரப்பிய பாட்டிலே 60 டிகிரியில் 100 பாரை எளிதாகத் தாண்டும். கூடுதலாக நிரப்பியது எங்கே போய் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதற்காகத்தான் பாட்டில் வால்வில் ஒரு சின்ன உலோகத் தகடு வைத்திருப்பார்கள். அமெரிக்கக் கார் பாட்டில்களில் சுமார் 200 பாரில் கிழிந்து, பாட்டில் வெடிக்காமல் வாயுவை வெளியே விட்டுவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் 'வெளியே' என்றால் எங்கே?

அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப் புத்தகத்தில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. பாட்டில் ஓட்டுநர் இருக்கும் அறைக்குள் இருந்தால், அந்த வால்வு குழாய் வழியாக அந்த அறைக்கு வெளியே திறக்க வேண்டும். பாட்டிலில் தர முத்திரை இருக்க வேண்டும். நிரந்தரமாக போல்ட் போட்டிருக்க வேண்டும். ஹோஸ் கிளாம்ப், பிளாஸ்டிக் டை எல்லாம் செல்லாது. ஒளிக்கிறவன் காரின் அடியில் துளை போட்டு ஒரு குழாயை நீட்டி வைப்பானா? அது வெளியே தெரியுமே. அதனால் முதலில் போவதும் அந்தக் குழாய்தான்.

குழாய் இல்லை, தகடு கிழிகிறது. என்ன ஆகும்? தம்பியிடம் இருப்பது 10 பவுண்டு பாட்டில், அதாவது நாலரை கிலோ. நாலரை கிலோ நைட்ரஸ் ஆவியானால் எவ்வளவு இடம் பிடிக்கும்? பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரிதான்: 44 கிராம் ஒரு மோல், 103 மோல், அறை வெப்பநிலையில் ஒரு மோலுக்கு சுமார் 24.5 லிட்டர். மொத்தம் 2,500 லிட்டர். ஒரு ஹேட்ச்பேக்கின் உள்ளே இருக்கும் காற்று கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே சுவரும் கிடையாது, ஒரு அட்டைதான்.

ஆஸ்பத்திரியில் நைட்ரஸ் கொடுக்கும்போதுகூட குறைந்தது 30 சதவீதம் ஆக்சிஜன் கலந்துதான் கொடுப்பார்கள். காருக்குள் அந்தக் கணக்கு பார்க்க யாரும் இல்லை. லேசான இனிப்பு வாசனை, அவ்வளவுதான். அதோடு அந்தத் திரவம் மைனஸ் 88 டிகிரியில் கொதிப்பது, தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி, கார் கதவைத் திறந்து, ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றிக்கொண்டு நூறடி ரோட்டில் வேளச்சேரி பக்கம் திரும்பும் ஒரு மனிதருக்கு டிக்கியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

"பயமுறுத்தாதீங்க ப்ரோ, நைட்ரஸ்தான் எரியாதே" என்றார் தம்பி. எரியாது. ஆனால் 2007 ஜூலை 26 அன்று கலிபோர்னியாவின் மொஹாவியில் ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம் ஸ்பேஸ்ஷிப்-டூ விண்வெளி வாகனத்துக்காக நைட்ரஸ் ஆக்சைடை வைத்து ஒரு சோதனை நடத்தியது. எதையும் பற்றவைக்கவில்லை, வெறுமனே வாயுவைப் பாய்ச்சிப் பார்க்கும் சோதனை. வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள், மூன்று பேர் படுகாயம். நைட்ரஸ் உடையும்போது அதுவே வெப்பத்தை வெளியிடும், தானே தன்னைத் தூண்டிக்கொண்டு போக முடியும். ராக்கெட் செய்கிறவர்களுக்கே நடந்தது. ஒரு கார் பாட்டிலில் இது அபூர்வம்தான். நான் அதிகம் பயப்படுவது மூச்சு முட்டும் கணக்குக்குத்தான்.

"அப்போ சிஎன்ஜி மட்டும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, புத்திசாலிப் பையன். சிஎன்ஜி டாக்ஸியின் டிக்கியில் 200 பார் அழுத்தத்தில் வாயு இருக்கிறது. நைட்ரஸைவிட மூன்று மடங்கு. தினமும் அதில் ஏறிப் போகிறோம், யாரும் பயப்படுவதில்லை. அந்த சிலிண்டருக்கு அனுமதி உண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் உண்டு, கசிந்தால் காருக்கு வெளியே போக வழி உண்டு. ஆர்சி புக்கில் எரிபொருள் சிஎன்ஜி என்று எழுதியிருக்கும், கண்ணாடியில் ஸ்டிக்கர் இருக்கும். மெக்கானிக்குக்குத் தெரியும், இன்சூரன்ஸுக்குத் தெரியும், விபத்தென்றால் ஓடி வரும் தீயணைப்பு வீரருக்குத் தெரியும். மூன்று மடங்கு அழுத்தம் கொண்ட பொருள் எனக்குக் குறைவான பயத்தைத் தருகிறது, அது இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

சட்டத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ரெண்டும். இது காரின் உரிமையாளர் மேல் வரும். அதாவது அப்பா மேல். ரோட்டில் ரேஸ் விட்டதற்கு பிரிவு 189: முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும், மறுபடி மாட்டினால் ஒரு வருடமும் 10,000-மும் வரை. இதற்கு மேல், அழுத்த வாயு சிலிண்டர்களுக்கு 2016 கேஸ் சிலிண்டர் விதிகள் தனியாக உண்டு. யாராவது செத்தால் பேச்சே வேறு.

டிராக் ரேஸ் ஆசையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். சோழவரம் ரன்வேயில் ரேஸ் பார்க்க ஊரே திரண்ட நகரம் இது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி அரசாங்கமே ராத்திரி ரேஸ் நடத்தியது, ரோட்டை மூடி, தடுப்பு போட்டு. எஃப்எம்எஸ்சிஐ அனுமதியோடு நடக்கும் டிராக் போட்டிகளில் உங்கள் வண்டியைப் போனட்டிலிருந்து டிக்கி வரை பரிசோதித்த பிறகுதான் லைனில் நிற்க விடுவார்கள். அது எரிச்சலாக இருக்கும், தெரியும். நானும் ஒரு முறை ஹெல்மெட் தேதி முடிந்துபோச்சு என்று திரும்பி வந்திருக்கிறேன்.

தம்பியின் கடைசிக் கேள்வி இது: "வால்வை இறுக்கி மூடிட்டா போதுமா அண்ணா?" ப்ரோவிலிருந்து அண்ணா ஆகியிருந்தேன். போதாது. மூடிய வால்வு அழுத்தத்தைக் குறைக்காது, தகடு கிழிவதையும் தடுக்காது. இதே நிலையில் வேறு யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் சொல்கிறேன்: காரின் கதவு எல்லாவற்றையும் திறந்து காற்றோட்டமாக விடுங்கள். வெயில் தணிந்து பாட்டில் ஆறிய பிறகு அதை வெளியே எடுங்கள். நிழலில், காற்று வரும் இடத்தில், விழாமல் நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்குள், படிக்கட்டுக்கு அடியில் வேண்டாம். நீங்களே திறந்து காலி செய்யாதீர்கள். லைசென்ஸ் உள்ள மருத்துவ, தொழிற்சாலை வாயு டீலர் யாரிடமாவது உண்மையைச் சொல்லி ஒப்படையுங்கள். தகடு கிழிந்து சீறும் சத்தம் கேட்டால் கிட்டே போகாதீர்கள், 101-க்கு போன் போடுங்கள்.

அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன் என்று பதில் வந்தது. அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். ரெண்டு ப்ளூ டிக் விழுந்தது, மூன்று நாளாகப் பதில் இல்லை. நேற்று சாயங்காலம் ஒரு வாய்ஸ் நோட். அவர் குரல் இல்லை, அவங்க அப்பா. 40 செகண்ட் திட்டு, பாதி அவருக்கு, பாதி எனக்கு. "இதெல்லாம் பேசி பேசிதான் பசங்க கெட்டுப்போறாங்க" என்றார். அதையும் எபிசோடில் போடட்டுமா என்று கேட்டேன். கூடாது என்றார், அதனால் போடவில்லை.

அடுத்த வாரம் சிஎன்ஜி சிலிண்டர் ஹைட்ரோ டெஸ்ட் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். கேள்விகள் இருந்தால் வழக்கமான இடத்தில் அனுப்புங்கள்.